ஒன்பதாம் பெட்டி அனுப்பிய சூடு

ஈஸ்வர் காணாமல் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. அவன் கையில் கொண்டுபோன வெப்பமானி மட்டும் காணாமல் போகவில்லை. எங்கிருந்தோ, அரை மணிக்கு ஒரு தரம், அது ஓர் எண்ணை அனுப்பிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஈஸ்வரின் மாடி வீடு. முன்னறையின் சுவர் முழுக்கத் தாள்கள். நடுத்தாளில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. அவற்றின் முன்னால் மகாராணி கைகட்டி நின்றாள்.

பதினெட்டு வருடம் காவல் துறையில் இருந்துவிட்டு, இப்போது தேனியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். நாற்பத்தாறு வயது. அவளுடைய உதவியாளன் அழகுமலை முன்பு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டியவன். இப்போது ஜீப்போடு வாயையும் சேர்த்து ஓட்டுகிறான்.

"இதுல எந்தக் கோட்டப் பிடிச்சுப் போனா உங்க வீட்டுக்காரரு வருவாரும்மா?" என்றான் அழகுமலை.

ரோஜா கோபப்படவில்லை. ஈஸ்வரின் மனைவி, போடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாலு நாளாகத் தூங்காத கண்கள்.

"அவரோட ஆராய்ச்சியே இதுதாண்ணே. போடி சமவெளியில இருந்து ஏலமலை உச்சி வரைக்கும் பதினாலு பெட்டி வச்சிருக்காரு. ஒவ்வொண்ணுலயும் ஒரு வெப்பமானி. பெட்டி இல்லாத எடத்துல காத்து எத்தனை டிகிரி இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்ல மூணு வழி இருக்கு. எது உண்மைக்குப் பக்கத்துல வருதுன்னு மூணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தாரு."

"மூணையும் எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் மகாராணி.

"சிவப்பு, உயரத்த மட்டும் பார்க்கும். நூறு மீட்டர் ஏறுனா அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல கொறையும்னு ஒரே சூத்திரம். அது இவரோட மேலதிகாரி பால்ராஜ் சாரோடது. நீலம், பக்கத்துப் பெட்டிகளோட சராசரி. பச்சை இவரு போட்டது. எவ்வளவு உயரம், மேடா பள்ளமா, எத்தனை மணிக்கு வெயில் விழுது, எல்லாத்தையும் சேர்த்துக்கும்."

"எங்க தெருவுல மூணு ஜோசியக்காரங்க இருக்காங்கக்கா. அவங்களையும் இப்படி ஒரு தாள்ல ஏத்தி விட்டா நல்லாயிருக்கும்."

மகாராணி அவனைப் பார்க்காமலே கையை உயர்த்தினாள். அழகுமலை வாயை மூடிக்கொண்டான்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை ஈஸ்வர் மலைக்குப் போனான். அவனுடைய செல்போனும் பைக்கும் மலையடிவாரத்துக் குரங்கணியில் கிடைத்தன. ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இருந்த ஒன்பதாம் பெட்டியை யாரோ கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அது ஈஸ்வரிடம்தான் இருக்க வேண்டும். பெட்டி மலை மேலிருக்கும் கோபுரத்தின் வழியாக இந்த வீட்டு மாடியில் உள்ள கருவிக்குச் சேதி அனுப்பும். எத்தனை டிகிரி என்று மட்டும் சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது.

"பால்ராஜ் சார்தான் அதுலருந்து எடத்தக் கண்டுபிடிச்சாரு" என்றாள் ரோஜா. "பெட்டிங்க அனுப்புறதெல்லாம் அவரு கணினிக்கும் போகும். அவரு சூத்திரத்த வச்சுத்தான் எஸ்டேட்டுக்கெல்லாம் குளிர் எச்சரிக்கை போகுது. விடியக்காலம் ஒன்பதாம் பெட்டி எட்டரை டிகிரி காட்டுது. அதே நேரம் போடியில பதினேழு. அந்த வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டா ஆயிரத்து எழுநூறு மீட்டர் வருது. அதான் மூணு நாளா உச்சி மேட்டுல தேடறாங்க."

"மதியம் எத்தனை காட்டுது?"

ரோஜா மேசையில் இருந்த தாளைப் பார்த்தாள். பால்ராஜ் தினமும் காலையில் குரங்கணியிலிருந்து போனில் அனுப்பும் பட்டியல் அது. "இருபத்தஞ்சு. போடியில முப்பது."

"அதே சிவப்புக் கோட்டுக் கணக்க மதியத்துக்குப் போடு."

ரோஜா பென்சில் எடுத்தாள். எழுதினாள். பென்சில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எழுதினாள்.

"ஆயிரத்து நூறு மீட்டர்" என்றாள் மெல்ல.

"அப்ப இந்தப் பெட்டி ராத்திரிக்கு உச்சியில ஏறிப் படுத்துக்கிட்டு, பகல்ல அறுநூறு மீட்டர் கீழ எறங்கி சோலி பார்க்குதா?" என்றான் அழகுமலை.

"பெட்டி நகரல" என்றாள் மகாராணி. "சூத்திரம்தான் ராத்திரியில பொய் சொல்லுது. எங்க அப்படி நடக்கும், டீச்சர்?"

ரோஜாவின் விரல் பச்சைக் கோட்டின் மேல் போய் நின்றது. "பள்ளத்துல. ராத்திரி குளிர்ந்த காத்து கனத்துப்போயி சரிவுல எறங்கி, பள்ளத்துல தேங்கிரும். அந்த எடம் உச்சியவிடக் குளிரும். பகல்ல வெயில் பட்டதும் சரியாயிரும்." அவள் மகாராணி பக்கம் திரும்பினாள். "இது எனக்குத் தெரியும்க்கா. அவரு நூறு தரம் சொல்லியிருக்காரு. நான் ஏன் போட்டுப் பார்க்கல?"

"உன்னைய ஒரே நம்பரப் பார்க்க வச்சிருக்காங்க. விடு. வெயில் எப்ப விழுதுன்னு தெரியுதா?"

தெரிந்தது. தினமும் காலை பத்து மணி வரைக்கும் எண் அசையாமல் கிடந்தது. அதற்கப்புறம் ஒரே தாவாகத் தாவியது.

மகாராணி ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். மலை மொத்தமும் காலை வெயிலில் நனைந்து நின்றது. "இந்த மலை கிழக்கப் பார்த்து நிக்கிது. ஏழு மணிக்கெல்லாம் பூராத்துலயும் வெயில் அடிச்சிரும். பத்து மணி வரைக்கும் விடியாத எடம்னா, அதுக்குக் கிழக்க இன்னொரு மலை மறைச்சு நிக்கணும். ஆயிரத்து நூறு மீட்டர்ல, ஆழமான பள்ளம். அப்படி எத்தனை எடம் இருந்துரப் போகுது?"

அவள் பட்டியலைக் கையில் எடுத்தாள். இடது ஓரத்தில் ஒவ்வொரு சேதிக்கும் கருவி போட்ட வரிசை எண் இருந்தது. அவள் கட்டை விரல் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொண்ணு. இருபது எங்க?"

"தப்பான எண் வந்தா நீக்கிரும். அடியில எழுதியிருக்காரு பாருங்க."

பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது: 'முப்பத்து நான்கு டிகிரிக்கு மேல் வரும் பதிவுகள் கருவிக் கோளாறு. கணினி தானாக நீக்கிவிடும்.'

மகாராணி எண்ணினாள். நாலு நாளில் எட்டு எண்கள் விடுபட்டிருந்தன. எட்டும் இரண்டே நேரங்களில். காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி.

"கோளாறு நேரம் பார்த்து வருமா?" என்றாள். "மாடியில இருக்கற கருவியில நீக்காத பதிவு இருக்குமா?"

"உள்ள ஒரு மெமரி கார்டு இருக்கு. ஆனா தொடக்கூடாதுன்னு சார் சொன்னாரு. தொட்டா வர்ற சேதியும் நின்னுபோயிரும்னாரு."

"அழகு, போய்க் கொண்டா."

ஐந்து நிமிடத்தில் அழகுமலை தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கி வந்தான். "மேல ரெண்டு கொரங்கு காவல் காக்குதுக்கா. ஒண்ணு என்னையப் பார்த்து உறவுக்காரன்னு வழி விட்டிருச்சு."

ரோஜா கார்டை மடிக்கணினியில் செருகினாள். விடுபட்ட எட்டு எண்களும் திரையில் வந்தன. மகாராணி அவற்றைத் தன் சிறிய நோட்டில் எழுதினாள்.

திங்கள் மாலை 35.1. செவ்வாய் காலை 35.3, மாலை 35.0. புதன் காலை 34.8, மாலை 34.6. வியாழன் காலை 34.2, மாலை 32.9. இன்று காலை 31.2.

அழகுமலை திரையை நோக்கிக் குனிந்தான். அவன் குரலில் கேலி இல்லை.

"அக்கா, இது காத்தோட சூடு மாதிரி தெரியல. எம் பொண்ணுக்குக் காய்ச்சல்னா கக்கத்துல வச்சுப் பார்ப்போம்ல, காய்ச்சல் விட்டப்புறம் வர்ற நம்பரு."

ரோஜா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்காரு" என்றாள். "காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அக்குள்ல வச்சுக்காட்டுறாரு. நான் இருக்கேன்னு சொல்றாரு. மத்த நேரம் பெட்டியத் தள்ளி வச்சிருக்காரு. உடம்புச் சூடு பட்டா அந்த எடத்தோட கணக்குக் கெட்டுப்போயி கண்டுபிடிக்க முடியாமப் போயிரும்னு…"

மகாராணியின் பார்வை கடைசி எண்ணிலேயே இருந்தது. முப்பத்தொன்று. கையை இறுக்கிப் பிடிக்கவும் இப்போது அவனுக்குத் தெம்பில்லை.

அவள் பால்ராஜுக்குப் போன் போட்டாள். "சார், ஆளு உச்சியில இல்ல. ஆயிரத்து நூறு மீட்டர், கிழக்க மலை மறைக்கிற பள்ளம். உசுரோட இருக்காரு. நீங்க பக்கத்துல இருக்கீங்க, தேடறவங்கள உடனே திருப்பி விடுங்க."

மறுமுனையில் நிதானமான குரல். "அப்படி ஒரு எடம் எனக்குத் தெரியலையே மேடம். சரி, நான் சொல்லிர்றேன். நீங்க மெதுவா வாங்க."

அவர்கள் மெதுவாகப் போகவில்லை. ரோஜாவை மாடிக் கருவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மருத்துவமனைக்கும் சேதி சொல்லச் சொன்னாள் மகாராணி. கயிறும் கம்பளியும் சுடுதண்ணீர் பிளாஸ்க்கும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

குரங்கணி வரும்போது பதினொன்றரை. மலையின் மேல்பாதியை மேகம் மூடியிருந்தது. டீக்கடை வாசலில் தேடும் குழுவில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து புரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

ஜீப்பிலிருந்து குதித்த மகாராணிக்கு அந்தக் காட்சி புரியவே இல்லை. வனக்காவலர் சீனிச்சாமியைப் பிடித்தாள். "ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க? பால்ராஜ் சார் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரே. மேல மழை வருது, இன்னைக்குப் போதும், எறங்கி வாங்கன்னாரு."

"அவரு எங்க?"

"பைக்க எடுத்துக்கிட்டு மேல போனாரு. ஒரு மணி நேரம் இருக்கும். தனியாப் போகாதீங்க சார்னேன். கேட்கல."

மகாராணி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சட்டைப்பையில் இருந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள். எட்டு எண்களையும் மறுபடி படித்தாள்.

"அழகு, முப்பத்து நாலுக்கு மேல போனா கணினி தானா நீக்கும். அப்படித்தான போட்டிருந்தது?"

"ஆமா."

"நேத்து சாயங்காலம் முப்பத்து ரெண்டே முக்கால் சொச்சம். இன்னைக்குக் காலையில முப்பத்தொண்ணு. இது ரெண்டும் முப்பத்து நாலுக்குக் கீழ. கணினி நீக்கியிருக்காது. அப்ப யாரு நீக்குனது?"

அழகுமலை நோட்டை எட்டிப் பார்த்தான்.

"கையால நீக்கியிருக்கான். அது என்ன நம்பருன்னு தெரிஞ்ச ஒருத்தன்" என்றாள் மகாராணி. "அவன்கிட்டதான் நான் போன் போட்டு, ஆளு உசுரோட இருக்கான், எடத்தக் கண்டுபிடிச்சிட்டோம்னு சொல்லியிருக்கேன்."

அவள் முகம் வெளுத்திருந்தது. அழகுமலை அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அவள் டீக்கடையைச் சுற்றிலும் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "இந்த மலையில பத்து மணி வரைக்கும் வெயில் விழாத பள்ளம் எங்க இருக்கு?"

ஏலக்காய் பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் கடை ஓரத்தில் ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்தாள். கழுத்து வரை பித்தான் போட்ட ஆண் சட்டை, இடுப்பில் சாக்கு, நாற்பது வயது இருக்கும்.

"ஊமைப் பள்ளம்" என்றாள். "பழைய ஏலக்கா ஸ்டோர் இடிஞ்சு கிடக்கும். எனக்கு வழி தெரியும் ஆத்தா. எம்பேரு மொக்கம்மா."

"வண்டியில ஏறு. சீனிச்சாமி, நீங்களும்."

ஜீப் பாறைகளில் ஏறி இறங்கிப் பாய்ந்தது. காப்பிச் செடிகள் முடிந்து ஏலச் செடிகள் தொடங்கின. வெளிச்சம் குறைந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அழகுமலை விளக்கைப் போட்டான்.

"அந்தப் பள்ளத்துக்கு யாரும் போறதில்லையா?" என்று கேட்டாள் மகாராணி.

மொக்கம்மாள் முன்கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன மார்கழியோட விட்டுட்டாங்க. அங்க ஏலநாத்துப் போட்டிருந்தாங்க. என் தம்பி, பேரு அமாவாசை, காவலுக்குப் படுத்திருந்தான். ரெண்டு நாளா காய்ச்சல் வேற. தினமும் எஸ்டேட்டுக்குப் போன்ல சேதி வரும், எந்தத் தோட்டத்துல எத்தனை டிகிரின்னு. அன்னைக்கு ஊமைப் பள்ளத்துக்குப் பதினொண்ணுன்னு வந்துச்சு. பதினொண்ணுதான, ஒரு போர்வை போதும்னு போனான். காலையில நாத்து மேலயெல்லாம் வெள்ளையா பனி உறைஞ்சு கிடந்துச்சு. அவனும் விறைச்சுக் கிடந்தான்."

அழகுமலை வேகத்தைக் கூட்டினான்.

ஒரு வளைவில் மொக்கம்மாள் கையைக் காட்டினாள். "இங்கதான். இனிமே நடக்கணும்."

பாதையோரத்தில் பால்ராஜின் பைக் நின்றது. மகாராணி அதன் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். சரிவில் கால் வைத்த இடமெல்லாம் ஈர இலை வழுக்கியது. கீழே போகப் போகக் குளிர் முழங்காலில் ஏறி, இடுப்பில் ஏறி, காதைக் கடித்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. மேகம் மரங்களுக்கு நடுவே புகுந்து அவர்களுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கூரை இல்லாத நாலு சுவர்கள் தெரிந்தன.

சுவர்களுக்குப் பின்னால் கல்லில் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழம். அதன் விளிம்பில் பால்ராஜ் நின்றிருந்தார்.

ஐம்பது வயதுக்காரர். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. இரண்டு உள்ளங்கைகளிலும் சேறு. தோளில் ஒரு துணிப்பை. அவர் காலடியில் ஒரு பெரிய கல். அதை இருபதடி தூரம் உருட்டி வந்த தடம் ஈர மண்ணில் புதிதாகக் கிடந்தது. கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் இருந்தது.

"சார், ரெண்டு அடி பின்னால வாங்க" என்றாள் மகாராணி. சாதாரணமாகப் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

அவர் திரும்பினார். யார் வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தாமதமாகவே உறைத்தது போலிருந்தது.

சீனிச்சாமி அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பால்ராஜ் திமிறவில்லை. பை கீழே விழுந்து ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பன் பொட்டலமும் உருண்டன.

மகாராணி அவற்றைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். "எதுக்கு வந்தீங்க? தண்ணி குடுக்கவா, இத உருட்டவா?"

"தெரியல மேடம்" என்றார் பால்ராஜ். "அரை மணி நேரமா நிக்கிறேன். ரெண்டையும் செய்ய முடியல."

அழகுமலை அதற்குள் மரத்தில் கயிற்றைக் கட்டித் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். அடியிலிருந்து சத்தம் வராமல் நேரம் நீண்டது. மொக்கம்மாள் விளிம்பில் மண்டி போட்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பு, மூச்சு இருக்கா?"

"இருக்கு!" அழகுமலையின் குரல் உடைந்து மேலே வந்தது. "அக்கா, இருக்கு! கால் ஒடிஞ்சிருக்கு. உடம்பு ஐஸ் மாதிரி கிடக்கு. கம்பளியப் போடுங்க வெரசா!"

கம்பளி இறங்கியது, பிளாஸ்க் இறங்கியது. சீனிச்சாமி தன் இடுப்பு பெல்ட்டால் பால்ராஜின் கைகளை ஏலச் செடிகளுக்கு நிழல் தரும் மரம் ஒன்றில் கட்டினார். கட்டும்போது பால்ராஜ் தானாகவே கைகளை நீட்டினார்.

"சொல்லுங்க" என்றாள் மகாராணி.

"திங்கக்கிழமை அவன்தான் என்னையக் கூட்டிக்கிட்டு வந்தான். ஒன்பதாம் பெட்டியக் கழட்டிக்கிட்டு வந்தான். இந்தப் பள்ளத்துல வச்சுக் காட்டறேன் சார், உங்க சூத்திரம் இங்க ராத்திரியில நாலு டிகிரி தப்புன்னான். தப்புன்னு மட்டும் சொல்லியிருந்தா பரவாயில்ல." பால்ராஜ் உதட்டை நனைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா இந்தப் பள்ளத்துலயும் பெட்டி வச்சு அளந்ததா நான் அறிக்கை குடுத்திருக்கேன். பெட்டியே வைக்கல. இவ்வளவு தூரம் யாரு எறங்கி ஏறுறது? சூத்திரத்தப் போட்டு நம்பர எழுதுனேன். அந்த நம்பரோட சூத்திரத்த ஒப்பிட்டா, பிசிறே இல்லாம ஒத்துப்போகும்தான? அதப் பார்த்துத்தான் மொத்த மலைக்கும் என் முறையையே எடுத்துக்கிட்டாங்க. அவன் என் பதிவுகளப் பார்த்துட்டுச் சொன்னான், 'சார், நெசமான வெப்பமானி கொஞ்சமாவது முன்ன பின்ன காட்டும். உங்களோடது ஒரு நாள்கூடக் காட்டல.' நான் புடிச்சுத் தள்ளிட்டேன். விழுவான்னு நெனைக்கல."

"விழுந்ததும் தூக்கியிருக்கலாமே."

அவர் தொட்டியின் விளிம்பைப் பார்த்தார்.

மொக்கம்மாள் எழுந்து வந்தாள். முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டவில்லை. பால்ராஜுக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"போன மார்கழியில ஊமைப் பள்ளத்துக்குப் பதினொண்ணுன்னு வந்துச்சே சேதி. அது நீங்க அனுப்புனதா?"

பால்ராஜ் அவளை ஏறிட்டார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு அவள் முகமே போதுமானதாக இருந்தது.

"அன்னைக்கு நெசமா எத்தனை டிகிரி?" என்றாள் அவள்.

"தெரியாதும்மா" என்றார். "யாருமே அளக்கல."

மொக்கம்மாள் அவரை அடிக்கவில்லை. கத்தவில்லை. இடுப்புச் சாக்கை அவிழ்த்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். "சாக்குல வச்சுத் தூக்கலாம் அப்பு. ஒடிஞ்ச கால் ஆடக்கூடாது" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

ஈஸ்வரை மேலே கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடித்தது. முப்பத்திரண்டு வயதுக்காரன் ஒரு சின்னப் பையன் அளவுக்குச் சுருங்கியிருந்தான். உதடு நீலமாக வெடித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. சீனிச்சாமி பால்ராஜுக்குக் காவலாக அங்கேயே நின்றுகொண்டார். போலீஸ் ஜீப் மேலே ஏறி வந்துகொண்டிருப்பதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

இறங்கும்போது ஈஸ்வரின் தலை மொக்கம்மாளின் மடியில் இருந்தது. அவள் சுடுதண்ணீரில் துணியை நனைத்து அவன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தாள். குரங்கணிக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் மகாராணி ரோஜாவுக்குப் போன் போட்டு, ஈஸ்வரின் காதில் வைத்தாள். அவனால் பேச முடியவில்லை. அந்தப் பக்கமும் யாரும் பேசவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மகாராணி வெகுநேரம் போனை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போடி மெட்டு ரோடு சேரும் இடத்துக்கு வரும்போது ஈஸ்வர் அவள் கையைத் தொட்டான். அவள் குனிந்தாள்.

"தினமும் வந்தாருக்கா" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. "தண்ணி போட்டாரு, பன் போட்டாரு. ஒப்பிட்டுப் பார்த்த தாளையெல்லாம் கிழிச்சிர்றேன், யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, தூக்கி விடுறேன்னாரு."

"நீ மாட்டேன்னுட்டியா?"

ஈஸ்வர் தலையை அசைக்க முயன்றான்.

"ரெண்டு நாள் மாட்டேன்னேன். மூணாவது நாள் முடியல. ரோஜா நெனப்பு வந்துருச்சு. சரி சார், பண்றேன்னு சொல்லிட்டேன். அவரு குலதெய்வம், என் குலதெய்வம், எல்லா சாமி மேலயும் சத்தியம் பண்ணுனேன்." அவன் மூச்சு வாங்கினான். "மேல நின்னு ரொம்ப நேரம் என்னையவே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் போயிட்டாரு. அவரால நம்ப முடியலக்கா."

முன்னால் அழகுமலை அடுத்த வளைவில் ஹாரன் அடிக்க மறந்தான்.